இலை இல்லாத குழாய்

சின்னதம்பியைக் குடிகாரர் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரன் நான். டீயைத் தவிர அவர் எதையும் குடித்துப் பார்த்ததில்லை.

கலசப்பாக்கத்திலிருந்து ஜவ்வாது மலைக்குப் போகும் வழியில் எங்கள் ஊர். மற்ற நாளில் விவசாயம் பார்க்கும் சின்னதம்பி, ஆடித் திருவிழாவில் அம்மனுக்கு அதிர்வேட்டுப் போடுவார். குட்டையான கனத்த இரும்புக் குழாய்களைத் தரையில் நட்டு, கருமருந்து போட்டு, அதன்மேல் செங்கல் தூளை மரக்கோலால் கெட்டிப்பார். ஒரு பொறி போதும் என்பதால் இரும்புக் கம்பியைக் கிட்டவே விடமாட்டார். கெட்டித்ததும் குழாயின் வாயில் ஒரு பூவரச இலையைக் களிமண்ணால் ஒட்டிவிடுவார். வெடித்தால் இலை பறந்துவிடும். வரிசையாக வெடிக்கும்போது எது வெடித்தது, எது நின்றுபோனது என்று காதுக்குத் தெரியாது, இலைதான் சொல்லும். இலை இருந்தால் அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. நெடுநேரம் விட்டு, தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மறுநாள்தான் தொடுவார்.

திரி பற்றவைக்கிறவன் பாலமுருகன், சின்னதம்பி மனைவி திரௌபதியின் தம்பி. போன ஆடியில் தூறல் போட்டது. மூடி வை என்று சொல்லியும் அந்தச் சோம்பேறி திரியை மூடவில்லை. முதல் வரிசையில் ஒரு குழாய் வெடிக்காமல் நின்றது. வேட்டு நமுத்தால் ஊருக்கு ஆகாது என்று எங்கள் ஆட்கள் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். புகை கலைவதற்குள் ஓடிப்போய் இலையைப் பிய்த்து மடியில் செருகிக்கொண்டான்.

சின்னதம்பி வந்து பார்த்தார். எந்தக் குழாயிலும் இலை இல்லை. மிச்சப் பொறியை அணைக்க, ஈரத்துணி சுற்றிய கோலை ஒவ்வொன்றிலும் விட்டுக்கொண்டே வந்தார். ஒன்றில் கோல் பாதியிலேயே இடித்தது. கையை இழுப்பதற்குள் வெடித்துவிட்டது. வலது கையில் மூன்று விரல் போயிற்று, இடது கை வெந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் திரௌபதி அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பாலுதாங்க இலைய பிச்சான். என் கண்ணால பாத்தேன். கூப்புடறதுக்குள்ள வெடிச்சிடுச்சு." நானும் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

விழாக்குழு கூடியது. பாலமுருகன் கொஞ்சமும் கூசாமல் சொன்னான். "இலை அப்டியேதாங்க இருந்துச்சு. மாமா தண்ணி போட்டுட்டு வந்தாரு. இன்னா ஏதுன்னு பாக்காம கோல வுட்டுட்டாரு."

விரல் போனதற்குக்கூடச் சின்னதம்பி கலங்கவில்லை. குடித்துவிட்டு வெடிமருந்தைத் தொட்டவன் என்ற பேர் நிற்கக் கூடாது என்றுதான் இரண்டு கையிலும் கட்டோடு வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் கேட்டதை நான் எழுந்து சொன்னேன்.

"நீ சிநேகிதனுக்குப் பேசற, குந்து" என்றார் குழுத் தலைவர். "அந்தம்மாவே இருக்குது, கேட்டுடலாம். இன்னாம்மா திரௌபதி, நீ பாத்தியா?"

சின்னதம்பி முகத்தில் அப்போதுதான் ஒரு தெம்பு வந்தது. சொல்லு என்று அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

திரௌபதி முந்தானையைத் திருகினாள். "நான் எதையும் பாக்கலைங்க. கூழு ஊத்தற எடத்துல இருந்தேன்."

அதோடு முடிந்தது. அடுத்த வருஷ வேட்டு பாலமுருகன் கைக்குப் போனது. திரும்பி வரும்போது சின்னதம்பி, "ஏன் திரௌபதி?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க எப்படியும் என்ன வுட்டுட்டுப் போமாட்டீங்க. அவன் போய்டுவான். பொறந்த வூடுன்னு எனக்கு அவன் ஒருத்தன்தான் இருக்கறான்."

வீட்டில் அவள் சோறு பிசைந்து கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பசி எவ்வளவு நேரம் பொறுக்கும்? பொழுது சாய்ந்ததும் அவள் நீட்டிய கவளத்தை வாங்கிக்கொண்டார். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அவள் கையால்தான் சாப்பிட்டார்.