கைப்பிடிக் கம்பியில் மடிப்புடவை

வயதானவர்களை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்று எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், வயதானவரைத் தவிர. அப்படித்தான் நானும் அண்ணாவும் நம்பிக்கொண்டிருந்தோம்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் அம்மா ஸ்டூலிலிருந்து விழுந்தாள். மடிப்புடவைதான் காரணம். குளித்த கையால் நனைத்து, குளிக்காத எவர் கையும் படாமல் காய வேண்டிய ஒன்பது கஜம். உத்தரத்தில் தொங்கும் மூங்கில் கொடியில் அதைக் கோலால் ஏற்றப் போனவள், ஸ்டூல் ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். முழங்கை வீங்கியதோடு போயிற்று.

சென்னையிலிருந்து அண்ணா தீர்ப்புச் சொன்னான். "இன்னொரு தரம் யாராவது விழுந்தா ஆத்தைப் பூட்டிட்டு நேரா இங்கதான்." யாராவது என்றால் யார்? அந்த வீட்டில் இருப்பது ஒருத்திதான். அவனுடைய ஃப்ளாட் பத்தாவது மாடி; குளிக்கிற தண்ணீர் லாரியில் வரும். இரண்டு ஆறுகளுக்கு நடுவே எண்பது வயதைக் கடந்தவள் அதைக் கேட்டுவிட்டு, "பெருமாளை இங்க விட்டுட்டு லிஃப்ட்டுல ஏறி யாரை சேவிக்கறது?" என்றாள். அண்ணா பதிலைக் கூரியரில் அனுப்பினான். வழுக்காத ரப்பர் பாய் வந்தது, கேமரா வந்தது. முற்றத்தில் மாட்டிய கேமராவை அம்மா மறுக்கவில்லை. "பாத்தா தோஷமில்லை, தொட்டாத்தான்."

எடமலைப்பட்டி புதூரில் குடியிருக்கும் நான், அங்கிருந்து ஸ்கூட்டரில் ஆள் பிடித்து வந்து, முற்றத்திலிருந்து கிணற்றடிக் குளியலறைக்கு இறங்கும் படிகளின் ஓரம், சுவரோடு நீளமாக எவர்சில்வர் கம்பி அடித்தேன். என்ன அழகு. வெயில் பட்டால் கொள்ளிடத்துக் கால்வாய் போல மின்னிற்று. அம்மா அதைத் தடவிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியில் நான் இரண்டு நாள் மிதந்தேன்.

மறுவாரம் போனால் கம்பிக்கு முழு நீராட்டு நடந்திருந்தது. அதன் மேல் மடிப்புடவை, முனையிலிருந்து முனை வரை, மயில்தோகை மாதிரி விரிந்து காய்ந்துகொண்டிருந்தது.

"அம்மா, இது நீ பிடிச்சுண்டு இறங்கறதுக்கு."

"ஸ்டூல் ஏறக் கூடாதுன்னு சொன்னது யாரு? இப்ப ஏறலையே."

"காலம்பற குளிக்கப் போறச்சே எதைப் பிடிச்சுப்ப?"

"தீர்த்தமாடாம அதை எப்படித் தொடறது? எதிர்ச் சுவரோட ஒட்டிண்டு இறங்கிடறேன். நீயும் அந்தப் பக்கமா போ. புடவைல பட்டுடாதே."

வீட்டிலேயே உறுதியான ஒரே பொருள், வீட்டிலேயே தொடக்கூடாத பொருளாகிவிட்டது. நான் சிரித்தேன். மடியைப் பற்றி நான் சிரிப்பது புதிதல்ல; அதைக் கிண்டல் செய்தே ஒரு கதைத் தொகுதி போட்டிருக்கிறேன். அம்மா அந்தப் புத்தகத்தின் மேல் ரசப் பாத்திரம் வைத்தாள், பாத்திரம் நன்றாக நின்றது.

சிரித்துக்கொண்டேதான் கால் கழுவ இறங்கினேன். படி ஈரம். ரப்பர் பாய் பரணில் பத்திரமாகச் சுருண்டிருந்தது, தேய்ந்துபோகக் கூடாதாம். கால் நழுவிய அந்தக் கணத்தில் என் கை கம்பியை நோக்கிப் போயிற்று. போனது, புடவையைக் கண்டது, திரும்பி வந்துவிட்டது. தொகுதி போட்ட அதே கைதான். நான் காற்றைப் பிடித்தேன். காற்று என்னைப் பிடிக்கவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "புடவைல பட்டுதா?"

"படலை."

"சமத்து." பிறகுதான் கணுக்காலைப் பார்த்தாள்.

அதற்குள் ஃபோன் அடித்தது. கேமரா தன் கடமையைச் செய்துவிட்டிருந்தது. அண்ணாதான். "நோட்டிஃபிகேஷன் வந்துது. அம்மா விழுந்துட்டாளா? இன்னிக்கே கிளம்பி வரேன்."

அம்மா ஃபோனை வாங்கிக்கொண்டாள். "வா கண்ணா. விழுந்தது உன் தங்கை. யாராவது விழுந்தா அழைச்சுண்டு போறேன்னியே, இவளை அழைச்சுண்டு போ. பத்தாவது மாடில பத்திரமா வச்சுக்கோ. பாய், கேமரா எல்லாம் கூடவே அனுப்பறேன்."

அண்ணா கிளம்பி வரவில்லை. வீட்டைப் பூட்டும் பேச்சை அதன் பிறகு அவன் எடுக்கவும் இல்லை.

ஆனாலும் ராத்திரி எனக்கு ஒத்தடம் கொடுக்கும்போது அம்மா அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எதிர்ச் சுவத்துல இன்னொண்ணு அடிச்சுடு. விழுப்புக் கம்பி," என்றாள்.

அடித்தேன். இப்போது விடியற்காலையில், குளிக்காத கையால், அம்மா அதை இறுகப் பற்றிக்கொண்டு இறங்குகிறாள். கட்டுப் போட்ட காலோடு நானும் அதைப் பற்றித்தான் இறங்கினேன். ஏறி வரும்போது, கை சும்மா இருக்காமல், என் ஈரத் துண்டை அதில் விரித்துவிட்டேன்.

"ஏண்டி, படிச்சவதானே நீ?" முற்றத்திலிருந்து வந்தது குரல். "பிடிச்சுக்கற கம்பில யாராவது துணி உலர்த்துவாளோ?"