நான் மெருகேற்றிய கத்திப்பிடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். என் தவற்றை நானே சொல்ல வெட்கமாக இருந்தது.

யுத்தம் நடந்த நாற்பதுகளில், பம்பாய் தாராவியில் ஒரு சாணைப் பட்டறையில் வேலை பார்த்தேன். சீமைச் சாமான் வரத்து நின்றுபோனதால், மாட்டுங்காவில் கண் வைத்தியம் செய்த தமிழ் டாக்டர் ஒருவர் தம் பழைய கத்திகளை எங்களிடம் தீட்டக் கொடுப்பார். கண்புரை எடுக்கும் கத்தி. அலகு துடைப்பக் குச்சி அகலம்தான் இருக்கும்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் ஒன்று வந்தது. அலகைத் தீட்டி முடித்துப் பிடியைப் பார்த்தால், குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். எவனோ மெருகு போடாமல் விட்டிருக்கிறான், சாமி முன்னால் இப்படியா வைப்பது என்று அரத்தால் ராவி, கண்ணாடி போல் ஆக்கினேன். சந்தனப் பொட்டிட்டு முருகன் படத்தடியில் வைத்துக் கும்பிட்டேன். பூசை முடிந்ததும் துடைத்து, நானே கொண்டுபோய் நர்ஸிடம் கொடுத்தேன்.

அடுத்த கத்தியை வாங்கிப் போக வராந்தா பெஞ்சில் காத்திருந்தேன். பக்கத்தில் எங்கள் திருநெல்வேலிக்காரர் ஒருவர், தோல் கிடங்குத் தொழிலாளி. உள்ளே அவர் மனைவிக்கு ஆபரேஷன். இன்னொரு கண் சின்ன வயதிலேயே போய்விட்டதாம். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

“நீங்க தீட்டுன கத்தியா அண்ணாச்சி? அப்ப எனக்குப் பயமில்ல. பார்வ வந்ததும் எம் மூஞ்சியப் பாத்து அவதான் பயப்படப் போறா” என்று சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் அந்தக் கத்தியோடு வெளியே வந்தார். “பிடியை யார் தேச்சது?”

“நாந்தாங்க” என்றேன், பெருமையாக.

“கையை நனைச்சுண்டு பிடியும்.”

பிடித்தேன். விரலுக்குள் கத்தி உருண்டது. இறுக்கிப் பிடித்தேன், மறுபடியும் உருண்டது.

“அந்தக் கோடெல்லாம் வழுக்காம இருக்கப் போட்டது. கண்ணுக்குள்ள இது ஒரு நூல் திரும்பினாப் போறும். கிட்டக் கொண்டு போறச்சேதான் தெரிஞ்சது.”

சத்தம் போடவில்லை. கத்தியை என் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

வேறொரு கத்தியால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முருகன் காப்பாற்றினான். அந்தப் பிடியில் ஒவ்வொரு கோடாகத் திரும்ப வெட்ட எனக்கு நாலு நாள் ஆயிற்று. அதன்பின் எந்தச் சாமானில் எந்தக் கீறலைக் கண்டாலும், அது எதற்கென்று கேட்காமல் நான் அரத்தைத் தொட்டதில்லை.

படிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். பக்தியில் செய்ததுதானே என்று எனக்காக ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம். அவர் என்னை விட்டு நகர்ந்து உட்கார்ந்ததை விட்டுவிடவும் வேண்டாம். நடந்தபடியே சொல்லுங்கள்.