வேறொருவரின் ரத்து

காலை ஏழு இருபது. என் அக்கா மகளின் மேசையில் கைபேசி அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கதிரறுக்கும் மெஷினை முன்பதிவு செய்யும் இணையதளம் ஒன்றை, கோவில்பட்டி வீட்டு மாடியிலிருந்தே அவள் நடத்துகிறாள். அன்று பிற்பகல் மழை என்று அறிவிப்பு இருந்தது. கரிசலில் மழை விழுந்தால் ஒரு வாரத்துக்கு மெஷின் இறங்க முடியாது.

அழைத்தவர் நாகலாபுரத்தில் நான்கு ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருந்த அம்மாள். எட்டு மணிக்கு அவர் முறை. தளத்தைத் திறந்து, வந்த ஓடிபியைப் போட்டிருக்கிறார். உள்ளே இடைசெவல்காரர் ஒருவரின் பெயரும், 'பதிவு ரத்து' என்ற வரியும் இருந்தன.

"எம் நம்பரப் போட்டுத்தான தொறந்தேன் தாயி. அந்த அண்ணாச்சி எப்படி உள்ள வந்தாரு? எம் பக்கத்த அவரு பாத்துக்கிட்டிருக்காரோ?"

காட்டில் சிக்னல் குறைவு, பக்கம் திறக்க நேரமாகிறது என்று பலர் குறைப்பட்டதால், முந்தின நாள்தான் வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரில் கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பு வசதியை அவள் இயக்கியிருந்தாள். ஒருமுறை எடுத்த பக்கத்தை அது நினைவில் வைத்து, அடுத்துக் கேட்பவருக்கும் கொடுக்கும். பொதுவான பக்கங்களுக்கு அது சரி. ஆள் யாரென்று சோதித்தபின் வரும் சொந்தப் பக்கத்துக்கும் அதைப் பொருத்திவிட்டாள். முதலில் நுழைந்தவர் இடைசெவல்காரர். அவர் பக்கமே எல்லோருக்கும் போனது.

கேஷை அழித்தாள். அம்மாளின் பதிவு அப்படியே இருந்தது. ஆனால் மெஷின் டிரைவரும் காலையில் அதே பக்கத்தைப் பார்த்துவிட்டு, எட்டு மணி முறைதான் ரத்து என்று எண்ணி வேறொருவர் புஞ்சையில் இறங்கியிருந்தார். அவரை அழைத்தாள்.

"பேர எவன் பாத்தான் மேடம், ரத்துன்னு இருந்துச்சு. இனி பாதில எடுத்தா அவிய விடுவாவளா?"

அவள் அம்மாளைத் திரும்ப அழைத்தாள். சிக்னல் மேல் பழி போடுவாள் என்று பக்கத்தில் இருந்த நான் நினைத்தேன்.

"தப்பு நான் செஞ்சதும்மா. உங்க பக்கத்த யாரும் பாக்கல. மெஷின் வர பதினொண்ணு தாண்டிரும்."

"வானம் பொறுக்கணுமே தாயி."

பிறகு அம்மாள், இடைசெவல்காரர் எதற்காக ரத்து செய்தார் என்று விசாரித்தார். அதைச் சொல்லக்கூடாது என்றாள் இவள். அந்த மனிதரையும் அழைத்து, அவருடைய பக்கத்தை மற்றவர்கள் பார்த்துவிட்டதைச் சொன்னாள். அவர் நெடுநேரம் திட்டினார். போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்கு மெஷின் நாகலாபுரத்தில் இறங்கியது. மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஒரு ஏக்கர் அறுக்காமல் நின்றது.