கரைச்சல் தராத குடும்பம்

1. ஐந்தரை வீடு

வீட்டு நிர்வாக வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் கொதிகலன், கரப்பான் பூச்சி, பனி அள்ளும் ஒப்பந்தம் பற்றித்தான். அதெல்லாம் ஒரு வருடத்தில் பழகிவிடும். நான் சொல்லப்போவது வேறு. இருபத்திரண்டு வருட வேலையில் நான் விட்ட மிகப் பெரிய பிழை, விதிப்படி ஒழுங்காக வேலை செய்த ஒரு நாளில் நடந்தது.

மொன்றியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் மூன்று செங்கல் கட்டடங்கள். எல்லோரும் அதைக் கோ-ஓப் என்போம். அங்கே தனி வீட்டுக்காரர் இல்லை. குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் சொந்தக்காரர். வாடகை வெளியிலுள்ளதைவிடக் குறைவு. அதற்குப் பதிலாக ஒவ்வொரு குடும்பமும் படி கழுவ வேண்டும், பனி அள்ள வேண்டும், கூட்டங்களுக்கு வந்து வாயாட வேண்டும். நான் சம்பளத்துக்கு இருந்த அலுவலகக்காரி. திறப்பு, தொலைபேசி, கடிதம், கூட்டக் குறிப்பு எல்லாம் என் கையில். வாக்கு மட்டும் இல்லை.

அந்த வசந்தத்தில் ஒரு ஐந்தரை வீடு காலியானது. மொன்றியலில் வீட்டை அறைக் கணக்கில் சொல்வோம், குளியலறை அரை. காத்திருப்புப் பட்டியலில் இருந்து மூன்று குடும்பங்களை இன்ரவியூவுக்கு அழைத்தோம். கடைசியாக வந்தவர்கள் ஜெயசீலனும் நிர்மலாவும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். அவர் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை, அவள் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில். பார்க்-எக்ஸ்ரென்ஷனில் ஒரு பேஸ்மென்ற்றில் இருந்தார்கள். சுவர் முழுக்கப் பூஞ்சணம். எட்டு வயது மகள் அனிஷாவுக்கு முட்டு, மூச்சிழுப்பு. போதாக்குறைக்கு, கட்டடத்தைத் திருத்தப்போகிறேன், யூலை முதலாம் திகதிக்கு முன் வெளிக்கிடுங்கள் என்று வீட்டுக்காரன் சொல்லிவிட்டான்.

நிர்மலா ஒரு பெட்டி நிறைய றோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"ஐயோ பிள்ளை, இதைக் காரில வைச்சிட்டு வாங்கோ. லஞ்சம் எண்டு நினைக்கப்போயினம்" என்றேன். அவள் முகம் செத்துப்போயிற்று. நான் அவ்வளவு நேர்மைக்காரி!

தெரிவுக் கொமிற்றியில் மூன்று பேர். தலைவி கிஸ்லேன், எழுபது தாண்டிய கியூபெக் மனுஷி, இந்தக் கோ-ஓப்பைத் தொடங்கியவர்களில் ஒருத்தி. அவர் பேசிய பிரெஞ்சை என் தமிழில் தருகிறேன்.

"நீங்கள் இஞ்ச வந்தால் இந்த இடத்துக்கு என்ன செய்வீங்கள்?" என்று கேட்டார்.

ஜெயசீலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அக்கா, அவைக்குச் சொல்லுங்கோ. எங்களால ஒருத்தருக்கும் ஒரு கரைச்சலும் வராது. நாங்கள் உண்டு, எங்கட வேலை உண்டு எண்டு இருப்பம். சத்தம் சந்தடி இல்லை. நாங்கள் இருக்கிறதே ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் ஆட்களிடம் இதைவிட நல்ல நற்சான்றிதழ் ஏது? யுத்த காலத்தில் கொழும்பில் அறை தேடிய நாட்களில் நானும் இதையேதான் சொன்னேன். கண்ணில் படாமல் இருப்பதுதான் அப்போது எங்களுக்குப் பாதுகாப்பு. ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

கிஸ்லேன் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "கூட்டங்களுக்கு வருவீங்களோ?"

"வரச் சொன்னால் கட்டாயம் வருவம். ஆனா நாங்கள் ஒண்டும் கதைக்கமாட்டம்."

"இப்ப இருக்கிற கட்டடத்தில அயலுக்கு என்ன செய்யிறனீங்கள்?"

நிர்மலா கணவனைப் பார்த்து, தலையைக் குனிந்து சிரித்தாள். "பெரிசா ஒண்டுமில்லை அக்கா."

அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன்.

2. கூட்டக் குறிப்பு

அவர்கள் போன பிறகு கிஸ்லேன் பேனையை வைத்தார். "நல்ல சனம். ஆனா கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்க இருக்கப்போயினம். எங்களுக்கு அங்கத்தவர் தேவை, வெறும் வாடகைக்காரர் இல்லை."

அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. அந்தக் கட்டடங்களின் கதை அப்படி. முன்பு ஒரு முதலாளி எல்லோரையும் வெளியேற்றிவிட்டு விலை கூடிய வீடுகளாக்கப் பார்த்திருக்கிறான். இவர்கள் படுக்கை விரிப்பில் எழுதி பல்கனியில் தொங்கவிட்டு, சட்டி பானை தட்டி, அரச அலுவலகப் படிகளில் குந்தியிருந்து, கடைசியில் அரசாங்கக் கடனில் கட்டடங்களைத் தாங்களே வாங்கினார்கள். ஊர் முழுக்கக் கரைச்சல் கொடுத்துப் பிடித்த கூரை அது. அவர் காதில் 'நாங்கள் இருக்கிறதே தெரியாது' என்பது எப்படி விழுந்திருக்கும் என்று இப்போது யோசித்தால் விளங்குகிறது.

எனக்கு மட்டும்தான் இரண்டு பக்கமும் தெரியும். சொல்ல வாயெடுத்தேன், பிறகு பேசாமல் இருந்துவிட்டேன். ஏனென்றால், அதற்கு முந்திய வருடம் ஒரு தமிழ்க் குடும்பம் உள்ளே வந்தபோது, உடுப்புத் தோய்க்கும் அறையில் யாரோ, "றெஜினா தன்ர ஆக்களைக் கொண்டுவாறா" என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அன்று தொடக்கம் தமிழர் விண்ணப்பம் வந்தால் நான் கல்லுமாதிரி இருப்பேன். அதை நேர்மை என்று நினைத்திருந்தேன். உண்மையில் பயம்.

'பங்கேற்பதில் ஆர்வம் குறைவு' என்று குறிப்பில் எழுதினேன். வீடு வேறு குடும்பத்துக்குப் போயிற்று. மறுப்புக் கடிதத்தையும் நானே அடித்து அனுப்பினேன்.

3. சுவரில் திறப்புகள்

விண்ணப்பத்தோடு வந்த அனிஷாவின் மருத்துவக் கடிதத்தின் மூலப்பிரதி எங்கள் கோப்பில் கிடந்தது. தபாலில் போட்டிருக்கலாம். மனம் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் நேரில் கொண்டுபோனேன்.

வாசலில் ஒரு வயதான கிரேக்க மனுஷி நின்றார். "நிர்மலாவிட்டையோ வாறீர்?" என்று பிரெஞ்சில் கேட்டவர் பிடித்த பிடியில் என்னை விடவில்லை. பனிக்காலத்தில் பைப் வெடித்தபோது கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் எழுப்பியது நிர்மலாவாம். தனக்கு மருந்து வாங்கித் தருவது நிர்மலாவாம். விடிய வேலைக்குப் போகமுதல் முன்படியில் பனி அள்ளுவது ஜெயசீலனாம். "இவை போனால் என்ர கதி என்ன?" என்று கண்ணைத் துடைத்தார்.

கீழே இறங்கினால், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஆணிகள். அதில் நாலு வீட்டுக் கதவுத் திறப்புகள் தொங்கின. அயலவர்கள் நம்பிக் கொடுத்தவை. எங்கள் கோ-ஓப்பில் வருடக்கணக்காகக் குடியிருந்த சிலர் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூட அறியாதவர்கள்.

"பிள்ளை, இதையெல்லாம் ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?" என்றேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

நிர்மலா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அக்கா, பக்கத்து வீட்டு மனுசிக்கு மருந்து வாங்கிக் குடுத்ததை ஆராவது போய்ச் சொல்லிக் காட்டுவினமே? வெக்கமில்லையே?"

அவள் சொன்னது சரி. நானும் சொல்லியிருக்க மாட்டேன். அனிஷா மேசையில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சிழுக்கும் சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. தந்த தேத்தண்ணியைக் குடிக்க என்னால் முடியவில்லை.

4. கிஸ்லேன் கேட்டது

திங்கட்கிழமை காலையே கிஸ்லேன் வீட்டுக் கதவைத் தட்டி, கண்டதையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"றெஜினா, கரைச்சல் தரமாட்டம் எண்டால் உங்கட ஆக்களிட்ட அது நல்ல வார்த்தை எண்டு அண்டைக்கே உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எங்கள் மூண்டு பேருக்கும் தெரியாது. அந்த அறையில தெரிஞ்ச ஒரே ஆள் நீ. நீ குறிப்பெழுதிக்கொண்டு இருந்தனீ."

"எனக்கு வாக்கில்லையே, மதாம்" என்றேன்.

"வாக்கில்லைதான். விளக்கம் சொல்லக்கூடாது எண்டு எந்த விதியில இருக்கு?"

அந்த வீட்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, வீடு கிடைத்த குடும்பமும் பாவப்பட்ட சனம். ஜெயசீலன் குடும்பத்தைப் பட்டியலில் முதலாவதாகப் போட்டார் கிஸ்லேன். அதோடு இன்ரவியூக் கேள்வியையும் மாற்றினார். 'நீங்கள் என்ன செய்வீர்கள்' என்பதை விட்டுவிட்டு, 'உங்கள் அயலில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்கத் தொடங்கினோம். தன்னைப் பற்றி வாய் திறக்காத சனம் அயலைப் பற்றி அரைமணித்தியாலம் கதைக்கும். கேட்டுக்கொண்டிருந்தாலே ஆள் எப்படியென்று புரிந்துவிடும். பிள்ளைகளே, இந்தக் கேள்வியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

யூலையில் அவர்கள் ரொக்ஸ்பரோவுக்குப் போனார்கள். அதுவும் பேஸ்மென்ற்தான். ஈரம் கொஞ்சம் குறைவு, இருவருக்கும் வேலைக்குப் போக மட்டும் நெடுந்தூரம்.

5. தொலைபேசி

அடுத்த வருடம் பனிக்காலத்தில் இன்னொரு ஐந்தரை காலியானது. கொமிற்றி சொல்லி முடிக்கமுதல் நான் நிர்மலாவுக்கு அழைத்துவிட்டேன். வெயில் படும் வீடு, மூன்றாம் மாடி, பூஞ்சணத்தின் வாடையே இல்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

நான் முடிக்கும்வரை நிர்மலா கேட்டிருந்தாள்.

"அக்கா, அனிஷா இஞ்ச வந்து கனநாள் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. இப்பதான் ஒரு சிநேகிதி பிடிச்சிருக்கிறாள். திரும்பவும் பிடுங்கி நட ஏலாது. குறை நினைக்காதேங்கோ."

"இல்லை பிள்ளை, இந்தமுறை நான் உங்களுக்காகக் கதைப்பன். கட்டாயம் கிடைக்கும். ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கெஞ்சினேன்.

நிர்மலா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அண்டைக்கு இன்ரவியூவுக்கு வரேக்க எனக்கு நெஞ்சு படபடவெண்டு அடிச்சது அக்கா. இவர்தான் சொன்னவர், 'நீர் ஏன் பயப்பிடுறீர்? அங்க எங்கட அக்கா ஒராள் இருக்கிறா. எங்களுக்குச் சொல்லத் தெரியாததை அவ சொல்லுவா' எண்டு."