முடியாது என்று சொல்லத் தெரியாதவள்

எனக்கு வரவேண்டிய மாற்றுத்திறனாளி உதவித்தொகையை முதல் தடவை நானே என் வாயால் கெடுத்துக்கொண்டேன். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை.

விசாரிக்க ஓர் அதிகாரி எங்கள் வீட்டுக்கே வந்தார். எங்கள் வீடு என்றால் அடி அண்ணாமலையில் என் தம்பியின் வீடு. தம்பி, அவன் மனைவி, நான் என்று மூன்று பேர். அதிகாரி வருகிறார் என்றதும் நான் செய்த முதல் காரியம், தீபாவளிக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டதுதான். தலைக்குக் குளித்து, பூ வைத்து, புடவையைப் பாதம் மறைகிற அளவுக்கு இறக்கிவிட்டேன். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போனவள் நான். இடது காலுக்கு இரும்புப் பட்டை வைத்த காலிப்பர், கைக்கு ஊன்றுகோல். காலிப்பரை மறைப்பதில் எனக்கு நாற்பது வருட அனுபவம் உண்டு. தொழிலும் தையல். துணியை எங்கே இறக்கினால் எது தெரியாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"உங்க வேலையெல்லாம் நீங்களே செஞ்சிக்கிறீங்களாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"எல்லாம் நானேதான் சார். யார் தயவும் கெடையாது. போன பௌர்ணமிக்கு மலையே சுத்தி வந்துட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். "நான் போட்டதுதான் சார்" என்று அதையும் அளந்துவிட்டேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். கிரிவலப் பாதையிலேயே வீடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி உலகமே வாசலைத் தாண்டி நடக்கும்போது, இங்கேயே பிறந்து வளர்ந்தவள் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை என்றால் எப்படி? 'பாவம், கால் முடியாதவள்' என்று ஊரே எனக்குச் சலுகை கொடுத்திருந்தது. அந்தச் சலுகை பிடிக்காமல்தான் போனேன். அந்தப் பௌர்ணமியன்று விடியற்காலையில் கிளம்பி மறுநாள் மதியம் வீடு வந்து சேர்ந்தேன். தம்பி மனைவி பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். நூறு அடிக்கு ஒரு தடவை அதைப் போடுவாள், நான் உட்காருவேன். அதிகாரியிடம் ஸ்டூலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார், ஆகவே நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது.

"இன்னாக்கா நீ, மலைய சுத்தினவளுக்கு எவன் குடுப்பான்?" என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

எனக்கு அழுகை வந்தது. ரமணாசிரமம் பக்கம் ஒரு சந்தில் தரைத்தளத்தில் ஒரு ரூம் பார்த்து வைத்திருந்தேன். முன்னால் தையல் மெஷின், பின்னால் அடுப்பு, படுக்கை. அந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் பருத்திக் கால்சட்டை தைக்க ஆள் தேடி அலைவார்கள். தையல் வருமானத்தோடு உதவித்தொகையும் சேர்ந்தால் வாடகை கட்டிவிடலாம். தம்பி வீட்டில் சண்டை எதுவும் இல்லை. ஆனாலும் நாற்பத்தாறு வயதில் எனக்கென்று ஒரு பூட்டு சாவி வேண்டும் என்று ஆசை. யாருக்கும் பாரமில்லாமல் இருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டும். அது அந்தக் கடிதத்தோடு போய்விட்டது.

ப்ளவுஸ் தைக்க வரும் டீச்சர் ஒருவர்தான், வேங்கிக்காலில் ஒரு வக்கீல் இருக்கிறார், இந்த மாதிரி மேல்முறையீடெல்லாம் பார்க்கிறார் என்றார். போனோம். மாற்றுத்திறனாளிகளின் வழக்கை எடுத்து நடத்தும் அந்த வக்கீலின் ஆபீஸ், ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. கீழே நின்றுகொண்டு நானும் தம்பி மனைவியும் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் கடைக்காரரே எழுந்து வெளியே வந்துவிட்டார்.

வக்கீலம்மா கறுப்பு கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. "வாடகை கம்மின்னு மாடிய புடிச்சிட்டேன்மா. என்னோட கட்சிக்காரங்க எல்லாரும் கீழதான் ஒக்காருவாங்க" என்று ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. அது பத்து நிமிஷம்தான் நீடித்தது.

"தண்ணி யாரு புடிக்கிறாங்க?"

"நான்தான்."

"எப்படி?"

"டிரம்முல இருந்து மொண்டு எடுப்பேன்."

"டிரம்முக்குத் தண்ணி எப்படி வருது?"

எனக்குச் சுருக்கென்றது. எதைச் சொன்னாலும் இந்தப் பெண் 'எப்படி' என்றே கேட்டது. குளிப்பேன் என்றால் எப்படி, துணி துவைப்பேன் என்றால் எப்படி, கட்டிலில் இருந்து எழுந்திருப்பேன் என்றால் எப்படி, எவ்வளவு நேரம். "ஏம்மா, நான் ஒண்ணுத்துக்கும் ஆகாதவள்னு எழுதினாத்தான் ஒனக்குத் திருப்தியா?" என்று கத்தியே விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்க செய்யறீங்கன்னு எழுதாதீங்கன்னு நான் சொல்லலமா. எப்படி செய்யறீங்கன்னு முழுசா எழுதுங்கன்றேன். பாதி எழுதினதாலதான் போன தடவ போச்சு" என்றார். பிறகு தம்பி மனைவி பக்கம் திரும்பினார். "வீட்ல கூட இருக்கறவங்க ஒரு வாக்குமூலம் குடுக்கணும். நீங்க இங்க ஒக்காருங்க. அம்மா, நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

டீக்கடை நான்கு கடை தள்ளி. நான் போய்த் திரும்புவதற்குள் இரண்டு பக்கம் எழுதி முடித்திருந்தார்கள். நானும் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் வக்கீலம்மா அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

தம்பி மனைவி தினமும் எனக்கு முன்னால் எழுந்து பாத்ரூம் தரையைத் துணி போட்டுத் துடைத்துக் காயவைக்கிறாளாம், நான் வழுக்கிவிடக் கூடாது என்று. பெரிய டிரம்மை எடுத்துவிட்டு என் இடுப்பு உயரத்துக்குச் சின்ன டிரம் வாங்கி வைத்ததும், அதை நான் பார்க்காத நேரத்தில் நிரப்புவதும் அவள்தானாம். அக்கா விழுந்தால் சத்தம் கேட்க வேண்டும் என்று டிவியை எப்போதும் கம்மியாகவே வைக்கிறாளாம். அந்த டிவிக்காக நான் அவளோடு போட்ட சண்டை கொஞ்சமில்லை. சீரியலில் என்ன பேசுகிறார்கள் என்றே புரியவில்லை, கரண்ட் மிச்சம் பிடிக்கிறாளா என்று அவளைக் கேட்டிருக்கிறேன்.

கடைசி வரி, கல்யாணமாகி வந்த இந்த ஒன்பது வருடத்தில் தன் அம்மா வீட்டில் அவள் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை என்பது.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீங்க செய்ய விடமாட்டீங்களேக்கா" என்றாள் அவள், ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டே.

வெட்கத்தில் என் முகம் எரிந்தது. அந்த இடத்திலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் காகிதம் வைப்பதுபோல் குனிந்துகொண்டார்.

மேல்முறையீட்டு விசாரணை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் நடந்தது. தம்பி மனைவியும் கூட வந்தாள். இந்தத் தடவை தினம் கட்டும் நூல் புடவைதான், காலிப்பர் தெரிகிற மாதிரி. மேஜைக்குப் பின்னால் ஒரு டாக்டரும் இரண்டு அதிகாரிகளும் இருந்தார்கள். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார்.

"உங்க வேலைய நீங்களே செஞ்சிக்க முடியுதாம்மா?"

பழக்க தோஷம். 'முடியும்' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. வக்கீலம்மா பக்கத்தில் இருமினார். வந்த வார்த்தையை விழுங்கினேன்.

"தனியா முடியாது சார். இவதான் செய்யறா. நானே செய்யறதா நான் நெனச்சிக்கினு இருந்தேன். மலைய சுத்துனதுகூட இவ ஸ்டூல் தூக்கினு வந்ததாலதான்."

டாக்டர் சிரித்துவிட்டார். "ஸ்டூல் மேட்டர் போன ரிப்போர்ட்ல இல்லியே?" என்றார்.

"காபியும் இவ போட்டதுதான் சார்" என்றேன். அது அவருக்குப் புரியவில்லை. தம்பி மனைவிக்குப் புரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் உதவித்தொகை கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வக்கீலம்மா பீஸ் வேண்டாம், இரண்டு ப்ளவுஸ் தைத்துக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன், கை கொஞ்சம் இறுக்கம் என்று ஒன்று திரும்பி வந்தது, பிரித்துத் தைத்தேன். அந்தச் சந்து ரூமையும் பிடித்துவிட்டேன், ஆனால் கடைக்கு மட்டும். காலையில் ஷேர் ஆட்டோவில் போகிறேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் சொருகும்போது வருகிற சந்தோஷத்துக்குக் குறைவே இல்லை.

முதல் மாதப் பணம் வங்கியில் ஏறியதும், பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காலையும் மாலையும் துணைக்கு வரச் சொல்லி ஏற்பாடு செய்தேன். தம்பி மனைவியைப் பத்து நாள் அம்மா வீட்டுக்குப் போய்வா என்று பஸ் ஏற்றினேன். அவள் பஸ்ஸில் உட்கார்ந்தும் நம்பவில்லை. ஜன்னல் வழியாக மாத்திரை எங்கே, சுடுதண்ணி ஃப்ளாஸ்க் எங்கே என்று சொல்லிக்கொண்டே போனாள்.

பத்து நாள் என்றவள் ஏழாம் நாளே வந்து நின்றாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகப் பாத்ரூம் தரையைப் போய்ப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. டிரம்மைப் பார்த்தாள், நிரம்பியிருந்தது.

"நான் இல்லாம சமாளிச்சிட்டீங்களாக்கா?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வேலையிலும் குறை வைக்கவில்லை. நான் ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

"முடியலம்மா" என்றேன்.