பின்சீட்டில் இரண்டு குன்றுகள்

ஒரு பொருள் ஓர் ஆளுக்குப் பொருந்திவிட்டது என்று எப்போது சொல்லலாம்? செய்தவர் அளவைச் சரிபார்த்து முடித்ததுமா, அல்லது பயன்படுத்துகிறவர் அதை மறந்தே போனதுமா? இதைப் பற்றிப் பெரிய மூளைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கலாம். பல்லுக்காரம்மா அதில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டியதில்லை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் கட்டுகிற கூடத்தில் அவளுக்கு வேலை. நேராக வருகிறவர்களுக்கு அங்கேயே அச்சு எடுத்து, மாட்டிப் பார்ப்பதும் உண்டு. ஆனாலும் அந்த மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, இந்தக் கேள்வியை யாரோ அவள் பின்னால் உட்கார்ந்து காதோரம் கத்திக்கொண்டே வந்த மாதிரிதான் இருந்தது.

கத்தியவர் அவள் கணவர்.

ஊருக்கு வெளியே இருக்கும் நீரேற்று நிலையத்தில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது ஒரே ஒரு பஸ். ஆள் ஏறுவதில்லை என்று அதை நிறுத்திவிட்டார்கள். "குவார்ட்டர்ஸில் ஒரு அறை காலியாக இருக்கிறது, எடுத்துக்கொள். லீவு நாளில் வீட்டுக்குப் போய் வா. மாதம் முடிவதற்குள் பதில் சொல்" என்றது ஆபீஸ். அவர் போய் அறையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"எப்படி இருக்கு?"

"ஒரு கட்டில் இருக்கு. சுவர்ல ஒரு ஆணி இருக்கு."

"வேற?"

"ஆணி நல்ல ஆணி."

அவ்வளவுதான் பேசினார். கல்யாணமானதிலிருந்து இருவரும் ஒரே கூரையின் கீழ்தான் கண் விழித்திருக்கிறார்கள். அதைச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் இருவருக்கும் இல்லை. பல்லுக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு பைக் வாங்கலாம். நான் கொண்டு விடுறேன்" என்றாள்.

அவளுக்கு ஓட்டத் தெரியும். கூடத்தில் டெலிவரிக்காரர் வேலையை விட்டுப் போனபோது, அவருடைய பழைய வண்டியில் பல் செட்டுகளை மருத்துவமனை மருத்துவமனையாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். பெட்டி நிறையச் சிரிப்பை அடுக்கிக்கொண்டு வேகத்தடைகளைத் தாண்டியவள். சிக்கல் கணவரிடம் இருந்தது. வாழ்நாளில் அவர் இரண்டு சக்கர வண்டியில் உட்கார்ந்ததே இல்லை.

"தானா நிக்காத எதையும் நான் நம்பமாட்டேன்" என்றார்.

"காலைல நீங்ககூடத்தான் தானா நிக்கறதில்ல. நான் எழுப்பி நிறுத்தலையா?"

கீழ்வீட்டில் குடியிருந்த நாத்தனாருக்கு இது ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டது. "சரியாச் சொன்னீங்க அண்ணி!" என்று குரல் மேலே வந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வண்டிக் கடைக்கு மூவருமாகப் போனார்கள். விற்பனையாளர் நேராகக் கணவரிடம் வந்து, "சாருக்கு மைலேஜ் முக்கியமா, பிக்கப் முக்கியமா?" என்று கேட்டார்.

"எனக்கு உயிர் முக்கியம்" என்றார் அவர். "ஓட்டப்போறது அவங்க."

விற்பனையாளர் திரும்பிப் பார்த்தபோது பல்லுக்காரம்மா ஏற்கெனவே ஒரு வண்டியில் ஏறிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். புதுப் பல் செட் மாட்டியவரை எப்போதும் அப்படித்தான் உட்காரச் சொல்வாள். கண்ணைத் திறந்தால் கண்ணாடியைப் பார்ப்பார்கள், அழகில் மயங்கிக் கடித்துப் பார்க்க மறந்துவிடுவார்கள். சிவப்பு வண்டியிலிருந்து இறங்கினாள். "இது சிரிக்கத்தான் லாயக்கு, மெல்லாது." கறுப்பு வண்டியில் ஏறி, முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். "இதுக்கு ஈறு வீங்கியிருக்கு." வரிசையின் கடைசியில், யாரும் திரும்பிப் பார்க்காத பழுப்பு நிற வண்டி ஒன்று நின்றது. அதில் உட்கார்ந்து கண்ணை மூடியவள் நெடுநேரம் திறக்கவில்லை.

"அண்ணி தூங்கிட்டாங்களா?" என்றாள் நாத்தனார்.

"கடவாய்ப்பல்லு" என்றாள் பல்லுக்காரம்மா, கண்ணை மூடியபடியே. "இதையே எடுத்துக்கலாம்."

வண்டி வந்தது. பின்சீட்டுதான் வேலையைக் காட்டியது. அது முன்பக்கமாகச் சரிந்த சீட்டு, வழவழவென்று வேறு இருந்தது. பிரேக் பிடித்தால் கணவர் வழுக்கி வந்து அவள் முதுகில் மோதுவார், ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் 'டொக்' என்று முட்டும். கிளட்சை விட்டால் பின்னால் போவார். பின்னால் போவதுதான் அவருக்கு உயிர் போகிற விஷயம். முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்ற நினைப்பிலேயே இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு, யாரோ அவரைக் கைது செய்து கொண்டுபோகிற மாதிரி இருக்கும்.

மூன்று முறை முயன்றார்கள். மூன்றாவது முறை பாதி வழியில் இறங்கி நடந்தே வீடு திரும்பினார். வந்ததும் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். அலமாரியில் இரண்டு டம்ளர்கள் எப்போதும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். மேலே இருந்ததைத் தனியே எடுத்து, துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்தார். பதில் சொல்ல வேண்டிய திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

பல்லுக்காரம்மா அந்த டம்ளரைப் பார்த்தாள். அப்புறம் கணவரின் பின்பக்கத்தை, தொழில்முறையில், ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, அச்சு எடுத்துடலாம்."

"எதுக்கு?"

"உங்களுக்குத்தான்."

பல் அச்சு எடுக்கிற மாவைக் கூடத்திலிருந்து பை பையாக வாங்கி வந்தாள். துணி ஊறவைக்கும் அகலத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். இளஞ்சிவப்பாகக் குழம்பு திரண்டது. பழைய கால்சட்டையின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு அவர் மெல்ல அதில் உட்கார்ந்தார்.

"ஜில்லுனு இருக்கு."

"அசையாதீங்க. மூக்கால மூச்சு விடுங்க. பல்லைக் கடிக்காதீங்க."

"எந்தப் பல்லை?"

அவளுக்கு வாய் தவறி வந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம். அவள் சிரிக்க ஆரம்பித்தாள், அவரும் சிரித்தார். சிரித்ததில் குழம்பு அசைந்தது. "ஐயோ, அசையாதீங்கன்னேன்!" என்று அவள் கத்த, சிரிப்பை அடக்கி அடக்கி அவர் முகம் குழம்பின் நிறத்துக்கே வந்துவிட்டது. மாவு இறுகியது. எழுந்தால் தொட்டியும் கூடவே வந்தது. சத்தம் கேட்டு மாடிக்கு ஓடிவந்த நாத்தனார், தன் அண்ணன் பின்னால் தொட்டியைச் சுமந்துகொண்டு குனிந்து நிற்பதைக் கண்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள், அவளை எழுப்பவும் ஆள் தேவைப்பட்டது. கடைசியில் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க, 'பொளக்' என்ற ஓசையோடு அவர் விடுதலையானார்.

தொட்டிக்குள் இரண்டு பள்ளங்கள், அப்பழுக்கில்லாமல் இருந்தன. பல்லுக்காரம்மா அதில் பிளாஸ்டர் ஊற்றி உறையவிட்டாள். உறைந்ததும் கூடத்தின் வழக்கப்படி மாவைக் கிழித்தெறிந்துவிட்டு, பிளாஸ்டரை மட்டும் எடுத்துக்கொண்டாள். வாயின் பிரதியைப் பிளாஸ்டரில் எடுத்து, அதன் மேல் சூடான மெழுகு வைத்துப் பல்லைக் கட்டுவதுதான் அவர்கள் வேலை. மேசைமேல் ஒரு பிளாஸ்டர் தாடையை வைத்துவிட்டுப் போனால் போதும். அதன்மேல் உட்காரும்படி ஒன்றைச் செய்ய வேண்டும் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து கேட்பதில்லை. அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. பொருந்திவிட்டது என்று தகவல் வந்ததும் அந்தத் தாடையைச் சுத்தியலால் உடைத்துவிடுவார்கள். அலமாரியில் ஒரு தாடை இருக்கிறதென்றால் அந்த வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

பிளாஸ்டரை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு சீட்டுத் தைக்கிறவர் கடைக்கு ஓட்டிப்போனாள். வண்டியையும் அதையும் விட்டுவிட்டு, "பின்சீட்டு, இதுக்கு. சனிக்கிழமை வேணும்" என்று சொல்லி வேலைக்கு ஓடிவிட்டாள்.

சீட்டுக்காரர் தொழிலில் மேசைமேல் ஒன்றை வைத்துவிட்டுப் போனால் அது மாதிரி. மாதிரியைப் பார்த்து அப்படியே செய்வார்கள்.

சனிக்கிழமை மாலை போய் வண்டியைப் பார்த்தாள். பின்சீட்டின் கடைசியில் இரண்டு குன்றுகள் கம்பீரமாக எழும்பி நின்றன. கறுப்பு ரெக்சின், இரட்டைத் தையல். அவள் கணவரேதான், சந்தேகமே இல்லை. இடப்பக்கம் லேசாகத் தாழ்ந்திருப்பதுகூடத் தப்பவில்லை.

"அகலம் பத்தலம்மா, அதனால ரெண்டையும் கொஞ்சம் நெருக்கி வெச்சிருக்கேன்" என்றார் சீட்டுக்காரர் பெருமையாக. "மத்தபடி மாதிரி மாதிரியே."

"நான் கேட்டது பள்ளங்க!"

"நீங்க கொடுத்தது மேடும்மா."

 பிரித்துத் தைக்க ஒரு வாரமாவது வேண்டும் என்றார். திங்கட்கிழமைக்கு முன் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு காலை தெருவே கூடிவிட்டது. "அண்ணா, நீ எப்ப அங்க உட்கார்ந்தே? எந்திரிக்க மறந்துட்டியா?" என்று நாத்தனார் குன்றுகளைத் தட்டிக்கொடுத்தாள். எதிர்வீட்டு ஓட்டுநர் ஹாரன் அடித்து வணக்கம் சொன்னார், வண்டிக்கல்ல, குன்றுகளுக்கு. பல்லுக்காரம்மா சிரிக்கவில்லை. மாடி ஜன்னலுக்குள் திறந்து கிடந்த பெட்டிதான் அவள் கண்ணில் நின்றது.

கணவர் இறங்கி வந்தார். தன் பின்பக்கத்தை வாழ்க்கையில் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு பெருசா?"

"மன்னிச்சிடுங்க."

"நீ ஏன் மன்னிப்பு கேக்கறே? நான்ல வளர்த்தேன்."

தெரு சிரித்தது. அந்தச் சிரிப்பின் தைரியத்தில் அவர் காலைத் தூக்கிப் போட்டார். குன்றுகளின் மேல் உட்கார வழியில்லை. அவற்றுக்கு முன்னால், அவளுக்கும் அவற்றுக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் தன்னைச் செருகிக்கொண்டார். உடும்பு பொந்துக்குள் போன மாதிரி இறுக்கமாக இருந்தது. அவள் கிளட்சை விட்டாள். வண்டி பாய்ந்தது. அவர் பின்னால் போகவில்லை, போக முடியாது. அவருக்குப் பின்னால் அவரே உட்கார்ந்திருந்தார்.

தெருமுனை தாண்டியதும் பின்னாலிருந்து கம்பி பிடிக்கிற கிறீச் சத்தம் நின்றது. ஒரு கை வந்து அவள் இடுப்பைப் பிடித்தது. அப்புறம் இன்னொரு கை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் வேகமாப் போ!"

திங்கட்கிழமை அவர் ஆபீஸில், அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். டம்ளர் அலமாரிக்குத் திரும்பிவந்து இன்னொன்றுக்குள் உட்கார்ந்தது.

வீட்டில் வார்த்தையை எண்ணிப் பேசுகிற மனிதர், வண்டியில் ஏறினால் வாயை மூடுவதில்லை என்று அதன்பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. "பள்ளம்! பள்ளம்!" "தெரியுதுங்க!" "அந்த நாயைப் பாரு, நேத்தும் இதே இடத்துலதான் யோசிச்சுக்கிட்டிருந்தது!" காற்றில் பாதி பறந்துவிடும், மீதி அவள் ஹெல்மெட்டுக்குள் வந்து விழும். காலையில் நிலைய வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும்போது, குன்றுகள் மட்டும் பின்னால் காலியாக வரும். சிக்னலில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள், பல்லுக்காரம்மா பச்சை விழும்வரை நேராக முன்னால் பார்ப்பாள். மழையில் நனைந்தார்கள், செயின் கழன்றது, ஒருமுறை பெட்ரோல் தீர்ந்து இருவரும் தள்ளிக்கொண்டே போனார்கள், அப்போதும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. அவள் கெட்டிக்காரத்தனத்தால் இதெல்லாம் நடந்தது என்று சொல்வதற்கில்லை. தவறு அவளுடையது. பொருந்தியது எப்படியென்று சொல்ல எனக்கும் தெரியவில்லை.

சீட்டுக்காரர் திருப்பிக் கொடுத்த அந்தப் பிளாஸ்டர் மட்டும் கூடத்து அலமாரியில், முடியாத வேலைகளின் தட்டில், தாடைகளுக்கு நடுவே குந்தியிருந்தது. ஒருமுறை பல் செட் வாங்க வந்த பெரியவர் அதைக் கண்டு பதறி, "இது யாரோட வாய்?" என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரி சிரிப்பை அடக்க வெளியே ஓடினாள்.

இரண்டு மழைக்காலம் கழித்துப் பஸ்ஸை மறுபடியும் விட்டார்கள், அதுவும் அவர்கள் தெருமுனையிலேயே நிற்கும்படி. முதல் நாள் காலை பஸ் வந்து நின்றது. கணவர் அதைப் பார்த்தார், ஹெல்மெட்டை மாட்டினார், பொந்துக்குள் புகுந்தார். "வழி விடச் சொல்லு அந்தப் பஸ்ஸை!" என்று கத்தினார்.

அன்று கூடத்தில் பக்கத்து மேசைக்காரி சுத்தியலை எடுத்து நீட்டினாள். "அக்கா, இப்பவாவது உடைச்சிடுங்க. பஸ் வந்தும் மாமா உங்ககூடத்தான் வர்றாரு. இதைவிட என்ன பொருத்தம் வேணும்?"

பல்லுக்காரம்மா சுத்தியலை வாங்கிக்கொண்டாள். பிளாஸ்டர் குன்றுகளை இறக்கி மேசைமேல் வைத்தாள். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். ஈரத்துணியை எடுத்து, இடுக்கில் படிந்திருந்த தூசியை நிதானமாகத் துடைத்தாள். துடைத்ததைத் தூக்கிக்கொண்டுபோய் முடியாத வேலைகளின் தட்டில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, அடுத்த தாடையைக் கையில் எடுத்தாள்.

"ஏன்க்கா?"

"மெழுகு சூடாயிடுச்சா பாரு" என்றாள்.