பால் கொடுத்தது யார்?

பாலஸ்தீனத்து நாப்லுஸ் நகரத்தில் ஸப்ரியாவுக்கு வாயாடி என்று பெயர். சோப்புக் காய்ச்சுகிற முரட்டு ஆட்களே அவளிடம் வாய் கொடுக்கப் பயப்படுவார்கள். ஆனால் பதின்மூன்று வயதுவரை அவள் அதிர்ந்து பேசியதில்லை என்று சொன்னால் இப்போது ஒருவரும் நம்பமாட்டார்கள். யாருமில்லாத பிள்ளை எந்த தைரியத்தில் சத்தம் போடும்?

துருக்கி சுல்தானின் ஆட்சியில், காலரா ஊரை வாரிக்கொண்டு போன வருஷம், ஒட்டகக்காரர்கள் தங்கும் சத்திரத்தில் கைக்குழந்தையாகக் கிடந்தவள் அவள். பெற்றவர்கள் யாரென்று தெரியாது. சோப்புத் தொழிலாளி அபூ தாஹிர் தூக்கிவந்து மனைவியின் மடியில் போட்டார்.

தாஹிரின் அம்மா என்பதால் அவளுக்கு உம்மு தாஹிர் என்று பெயர்; தங்கமான மனுஷி. மகன் தாஹிருக்கு எந்த ரொட்டியோ அதுவேதான் இவளுக்கும். ஆனால் வளர்த்தால் மட்டும் மகளாகிவிட முடியாது. மார்க்கப்படி அதற்கு ரத்தம் வேண்டும், இல்லாவிட்டால் பால் வேண்டும். பால் கொடுத்தவள் தாய், அவள் பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள். இரண்டும் இல்லாத பெண் பெரியவளாகிவிட்டால், அந்த வீட்டுப் பையனுக்கு அவள் அந்நியப் பெண்தான்; அவன் எதிரில் முக்காடில்லாமல் நிற்கக்கூடாது.

தாஹிருக்குப் பெண் பேசி முடித்ததும் பெண்வீட்டார் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வயசுப்பிள்ளைகள் இருவர் ஒரே கூரையின் கீழா? அவளை அனுப்பினால்தான் கல்யாணம் என்றார்கள். தூரத்துத் துறைமுக ஊரான யாஃபாவில் ஒரு வியாபாரி வீட்டில் வேலைக்காரியாக விடுவதென்று முடிவாயிற்று.

ஸப்ரியா உம்மு தாஹிரின் காலைப் பிடித்தாள்.

"சாச்சி, நீங்க எனக்குப் பால் குடுத்தீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் இங்கயே இருந்துருவேன்."

"எப்படிடி சொல்லுவேன்? அப்ப தாஹிரு தெருவுல ஓடுற புள்ள. எனக்குப் பால் வத்தி எவ்வளவோ காலம். ஆட்டுப்பால்ல துணிய நனைச்சு உன் வாயில வச்சேன். நீ அதையும் துப்புவ." உம்மு தாஹிர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. தண்ணிக்குப் போயிட்டு வந்து பாத்தா, வயிறு ரொம்பி தூங்கிட்டு இருப்ப. எனக்கே அது இன்னைக்கும் அதிசயந்தான்."

அப்படியானால் யாரோ பால் கொடுத்திருக்கிறார்கள்! யார்? தாஹிரின் அக்கா ஹஸ்னா அப்போது கைப்பிள்ளைக்காரி. அவளாக இருந்துவிட்டால் தாஹிர் தாய்மாமன்; அவர்கள் மார்க்கத்தில் தாய்மாமனைக் கட்ட முடியாது, அப்பா மாதிரி. யாஃபா பயணம் ரத்து. ஸப்ரியா அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டாள்.

பொதுக் குளியல்கூடத்தில் பெண்கள் முறை வந்த நாள். தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஆவியில் உட்கார்ந்து முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஸப்ரியா நடுவில் போய் நின்றாள். அத்தனை பேர் முன்னால் அவள் அதுவரை வாய் திறந்ததில்லை. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"நான் கொழந்தையா இருக்கிறப்ப எனக்குப் பால் குடுத்தது யாரு?"

"ஆடு!" என்றாள் ஒருத்தி. "எங்க கொட்டில்ல உன் தம்பி கட்டிக் கெடக்கான், வந்து கூட்டிட்டுப் போ!"

கூடமே சிரித்தது. ஸப்ரியா ஹஸ்னாவைப் பார்த்தாள். ஹஸ்னா பாவமாகத் தலையை ஆட்டினாள். "நான் இல்லடி கண்ணு. எனக்குப் பொறந்ததுக்கே பால் பத்தல."

அவ்வளவுதான். ஸப்ரியா ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். சிரித்தவர்களுக்கும் சங்கடமாகிவிட்டது.

"அழாத. நாந்தான் குடுத்தேன்."

சொன்னவள் எதிர்வீட்டு வஸீலா. தெருவிலேயே சிடுமூஞ்சி. இத்தனை வருஷத்தில் ஸப்ரியாவை ஏறெடுத்தும் பார்க்காதவள்.

"என் புள்ளைய காலரா கொண்டுபோயிருச்சு. மாரு கட்டி நெருப்பா கொதிக்குது. எதிர்வீட்டுல இது கத்துது. உம்மு தாஹிர் தண்ணிக்குப் போற நேரம் பாத்து வருவேன். அந்தக் குளிர்காலம் பூராவும்."

"அடிப் பாவி!" என்று ஒரு கிழவி துள்ளினாள். "பால் குடுத்தத ஒளிப்பாங்களா? நாளைக்கு உன் மவன் ஷுக்ரிக்கே இவளைப் பொண்ணு கேட்டிருந்தா? அண்ணனும் தங்கச்சியும்! அல்லாஹ்!"

"கேட்டிருந்தா வாயத் தொறந்திருப்பேன்."

"ஏன் சொல்லல?" ஸப்ரியாவின் குரல் எழும்பவில்லை.

"சொன்னா நீ என் மவளாயிருவ. அப்புறம் நீயும் செத்துட்டா? இன்னொண்ண மண்ணுல வைக்க என்னால ஆகாதுடி. அதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

உம்மு தாஹிர் மெல்லக் கேட்டாள்: "இது எங்க வீட்டு வழக்குக்கு உதவாதே வஸீலா. உன் பாலு, தாஹிருக்கு உறவில்லையே. யாஃபாவுக்கு..."

"யாஃபாவா? என் புள்ளைய யாஃபாவுக்கு அனுப்ப நீங்க யாரு?" என்று வஸீலா சீறினாள்.

பள்ளிவாசல் ஷேக் வஸீலாவிடமும் அவள் கணவரிடமும் விசாரித்தார், ஸப்ரியா அவர்கள் பால்மகள்தான் என்று ஒப்புக்கொண்டார். கணவருக்கு எல்லாமே முன்பே தெரிந்திருந்தது என்பது வேறு கதை. ஸப்ரியா படுக்கையைச் சுருட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினாள். இந்தப் பக்கம் உம்மு தாஹிர் அழுதாள். விட்டுவந்த வீட்டை ஸப்ரியாவும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். புது வீட்டில் எங்கே உட்காருவது, எதைத் தொடுவது என்று தெரியாமல், முக்காட்டை இறுக்கிக்கொண்டு மூலையில் நின்றாள்.

அந்திநேரம் வாசலில் இருமல் கேட்டது. வேலை முடிந்து வந்த ஷுக்ரி, உள்ளே வேற்றுப் பெண்கள் இருந்தால் மறைந்துகொள்ளட்டும் என்று, ஆம்பிளைகள் வழக்கப்படி இருமினான். மறுபடியும் இருமினான்.

வஸீலா அடுப்படியிலிருந்து கத்தினாள்: "யாருக்குடா இருமுற? உள்ள உன் தங்கச்சிதான இருக்கா!"

 பிறகு ஷுக்ரி உள்ளே வந்தான், செருப்பை உதறினான், திண்டில் சாய்ந்தான். அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"அப்படின்னா தண்ணி கொண்டா."

ஸப்ரியா நிமிர்ந்தாள். முக்காடு தோளில் சரிந்தது. அவள் அதை எடுத்துப் போடவில்லை.

"ஏன், உனக்குக் கை இல்லையா? நீயே எடுத்துக் குடி!"